'அனுப்பிட்டேனே!' என்றார் அத்தை... மெயில் எங்கே இருந்தது தெரியுமா?

"ஏண்டா, நான் மூணு வாரத்துக்கு முன்னாடியே அனுப்பிட்டேன். வரவே இல்லைங்கிறானே அந்தத் தம்பி!"

மயிலாடுதுறையிலிருந்து அத்தை போனில் படபடத்தார். மாமாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்கு அழைத்து வந்து ஒரு மாதம் தாண்டியிருந்தது. மருத்துவக் காப்பீட்டுப் பணத்துக்காக பில், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு என அத்தனையையும் 30 நாட்களுக்குள் மெயிலில் அனுப்ப வேண்டும். தொகை 1,14,000 ரூபாய். அத்தை 31 வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். கெடு என்றால் கெடுதான். பத்தாவது நாளே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தார். 32-வது நாள் விசாரித்தால், "உங்களிடமிருந்து எதுவும் வரவில்லையே மேடம்" என்று பதில்.

"சரியா அனுப்பினீங்களா அத்தை?"

"அனுப்புறதை அமுக்கினேன். லெட்டர் மறைஞ்சுபோச்சு. போனாத்தானேடா மறையும்?"

அத்தையின் கணக்கில் தப்பே இல்லை. தபால் பெட்டியில் போட்ட கடிதம் கையில் இருக்காது. கையில் இல்லையென்றால் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

அந்த வார சனிக்கிழமை ரயிலேறிப் போனேன். ஹாலின் மூலையில், குரோஷா போட்ட துணி மூடியபடி கம்ப்யூட்டர். அத்தை மகன் கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது. இப்போது அவன் புனேயில்.

"மெயிலை எதுல அனுப்பினீங்க?"

"கம்ப்யூட்டர்லதான்."

"கம்ப்யூட்டர்ல எதுல?"

அந்தக் கேள்வியே அவருக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியம்தான் என்ன? அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் மெயில் முகவரி நீல எழுத்தில் இருந்தது. அதை கிளிக் செய்தார். கடிதம் எழுத ஒரு ஜன்னல் திறந்தது. எழுதினார், ஏழு ஃபைல்களை இணைத்தார், 'சென்ட்' கொடுத்தார். இதில் அவர் செய்த பிழை ஒன்றுமில்லை.

திறந்தது எது என்பதில்தான் வில்லங்கம். அது அத்தை தினமும் போனில் பார்க்கும் ஜிமெயில் இல்லை. மகன் எப்போதோ அந்தக் கம்ப்யூட்டரில் போட்டு, அம்மாவின் ஜிமெயில் கணக்கையும் இணைத்து வைத்திருந்த ஒரு மெயில் புரோகிராம். இடது பக்கம் வரிசையாக இருந்த ஃபோல்டர்களில் 'அவுட்பாக்ஸ்' என்பதற்குப் பக்கத்தில் 4 என்று எண் தெரிந்தது. திறந்தேன். காப்பீட்டுக் கடிதம், ஏழு பில்களோடு அங்கேயே உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே இன்னும் மூன்று கடிதங்கள். ஒன்று, கேஸ் ஏஜென்ஸிக்குப் புகார். ஒன்று, தெரிந்த பையனுக்குப் பிறந்த நாள் வாழ்த்து. கடைசியாக இருந்தது 2023 அக்டோபரில் எழுதியது. அதைப் படித்ததும் அத்தை மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு வருகிறேன். இது எப்படி நடந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். இந்தப் பூட்டிக்கிடக்கும் தபால் பெட்டி உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இருக்கலாம்.

நீல எழுத்துக்குப் பின்னால்

இணையப் பக்கத்தில் மெயில் முகவரியை கிளிக் செய்யும்போது, பிரவுசர் தானாக மெயில் அனுப்புவதில்லை. அந்த இணைப்புக்குப் பின்னால் 'மெயில்டு' என்றொரு சொல்லும், அதையடுத்து முகவரியும் ஒளிந்திருக்கும். "இந்த முகவரிக்குக் கடிதம் எழுத வேண்டும்" என்பது அதன் பொருள். இணைய முகவரிகளை எப்படி எழுத வேண்டும் என்று 1994 டிசம்பரில் வெளியான விதிகளிலேயே இது இருக்கிறது. அந்த விதிகளை எழுதிய மூவரில், வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயும் ஒருவர்.

பிரவுசர் இந்தச் சொல்லைப் பார்த்ததும் விண்டோஸிடம், "கடிதம் எழுத யாரைக் கூப்பிடட்டும்?" என்று கேட்கும். அதற்கு விண்டோஸ் வைத்திருக்கும் பதில்தான் 'டிஃபால்ட்'. நீங்கள் தனியாக எதுவும் சொல்லாதவரை இவரைக் கூப்பிடு என்கிற ஏற்பாடு. கல்யாண வீட்டில் கேட்காமலே வழக்கமான சமையல்காரரை அழைத்து விடுவோமே, அப்படி. அவர் தொழிலை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது என்பது, பந்தி போடும்போதுதான் தெரியவரும்.

அந்தக் காலத்தில் இதில் குழப்பம் குறைவு. விண்டோஸ் எக்ஸ்பி வரை 'அவுட்லுக் எக்ஸ்பிரஸ்' என்ற மெயில் புரோகிராம் கூடவே வந்தது. வி.எஸ்.என்.எல். இணைப்பை டயல் செய்து, அது 'கீங்... கர்ர்' என்று கத்தி முடித்ததும் வந்திருக்கும் மெயிலை எல்லாம் இறக்கிக்கொண்டு, போன் பில்லுக்குப் பயந்து இணைப்பைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படித்த தலைமுறைக்கு இது நினைவிருக்கும். விஸ்டாவில் அதன் பெயர் 'விண்டோஸ் மெயில்' ஆனது. விண்டோஸ் 7-ல் மெயில் புரோகிராமே கிடையாது, வேண்டுமானால் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 8-ல் 'மெயில்' என்ற பெயரில் மறுபடி வந்தது. அதற்கான ஆதரவை 2024 டிசம்பர் 31-ஓடு மைக்ரோசாஃப்ட் முடித்துவிட்டது. இப்போது அதன் இடத்தில் இருப்பது 'புதிய அவுட்லுக்'.

அவுட்லுக் என்ற பெயரில் இப்போது மூன்று இருக்கின்றன. ஆஃபீஸோடு வரும் பழைய அவுட்லுக், இலவசமாக வரும் புதிய அவுட்லுக், பிரவுசரில் திறக்கும் அவுட்லுக் டாட் காம். உலகத்தின் மிகப் பெரிய மென்பொருள் நிறுவனங்களில் ஒன்றுக்குப் பெயர் வைப்பதில் இவ்வளவு சிக்கனம் ஏனோ! டிஃபால்ட் பட்டியலைத் திறக்கும்போது இந்த வித்தியாசத்தைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள்.

இதற்கிடையில் நாம் எல்லோரும் ஜிமெயிலுக்குப் போய்விட்டோம். அதை பிரவுசரிலோ போனிலோ பார்த்துவிடுகிறோம். கம்ப்யூட்டரில் இருக்கும் மெயில் புரோகிராமை நாம் மறந்துவிட்டோம். கம்ப்யூட்டர் மறக்கவில்லை.

எதை மாற்ற வேண்டும்?

விண்டோஸ் 11 என்றால், 'செட்டிங்ஸ்' திறந்து 'ஆப்ஸ்', அதில் 'டிஃபால்ட் ஆப்ஸ்'. மேலே ஒரு பெட்டி இருக்கும். அதில் மெயில்டு என்று ஆங்கிலத்தில் (எம், ஏ, ஐ, எல், டி, ஓ - நடுவில் இடைவெளி வேண்டாம்) டைப் செய்யுங்கள். இப்போது யார் அந்த வேலையில் இருக்கிறார் என்று காட்டும். அதன் மேல் கிளிக் செய்தால் மற்றவர்களின் பட்டியல் வரும். பிரவுசரில் ஜிமெயில் பார்ப்பவர்கள் 'கூகுள் குரோம்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜிமெயில் என்ற பெயரை அந்தப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. அது கம்ப்யூட்டரில் நிறுவப்பட்ட புரோகிராம் இல்லை, பிரவுசருக்குள் திறக்கும் ஒரு பக்கம்.

விண்டோஸ் 10-ல் இன்னும் சுலபம். அதே 'டிஃபால்ட் ஆப்ஸ்' பக்கத்தில் முதலிலேயே 'இமெயில்' என்று இருக்கும்.

"எங்க வீட்ல நேத்து வரைக்கும் சரியா இருந்துச்சு, அதுவா மாறிடுச்சு" என்று சிலர் சொல்வார்கள். விண்டோஸ் 8-லிருந்து, ஒரு புரோகிராம் தன்னைத்தானே சத்தமில்லாமல் டிஃபால்ட் ஆக்கிக்கொள்ள முடியாதபடி பூட்டு போட்டிருக்கிறார்கள். நீங்கள்தான் கை வைத்து மாற்ற வேண்டும். ஆனால், புதிதாக ஒன்றை நிறுவும்போது "என்னை டிஃபால்ட் ஆக்கட்டுமா?" என்று கேட்கும் பெட்டிக்கு நாம் படிக்காமலேயே 'யெஸ்' கொடுத்திருப்போம். இருக்கிற புரோகிராமை நீக்கினாலும் நிலைமை மாறும்.

குரோமுக்கும் சொல்ல வேண்டும்

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். விண்டோஸில் குரோமைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. இப்போது மெயில் முகவரியை கிளிக் செய்தால் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்று திறக்கிறது, அல்லது ஒன்றுமே நடப்பதில்லை. கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி விடுவார்கள்.

கெடவில்லை. விண்டோஸ் வேலையை குரோமிடம் கொடுத்துவிட்டது. குரோமுக்கு அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. ஜிமெயிலா, யாஹூவா, வேறு ஏதாவதா? அதையும் நாம்தான் சொல்ல வேண்டும்.

குரோமில் ஜிமெயிலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மேலே முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில், இரண்டு சாய்சதுரங்கள் ஒன்றின் மேல் ஒன்று படிந்த மாதிரி ஒரு சின்னக் குறி தெரியும். பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய அளவுக்குச் சின்னது. அதை கிளிக் செய்தால், மெயில் இணைப்புகளை எல்லாம் ஜிமெயிலில் திறக்கலாமா என்று கேட்கும். 'அலவ்' கொடுத்தால் போதும்.

குறியே தெரியவில்லையா? முன்பு எப்போதோ 'வேண்டாம்' என்று சொல்லியிருப்பீர்கள். குரோம் 'செட்டிங்ஸ்', 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', 'சைட் செட்டிங்ஸ்' என்று உள்ளே போய், கீழே 'அடிஷனல் பர்மிஷன்ஸ்' என்பதைத் திறந்தால் 'புரோட்டோகால் ஹேண்ட்லர்ஸ்' என்று ஒன்று இருக்கும். தளங்கள் கேட்கலாம் என்கிற தேர்வு அங்கே இயங்க வேண்டும். தடுக்கப்பட்ட பட்டியலில் ஜிமெயில் இருந்தால் நீக்கிவிட்டு, ஜிமெயில் பக்கத்தை ஒருமுறை புதுப்பியுங்கள். ஃபயர்பாக்ஸில் இவ்வளவு சுற்று இல்லை. 'செட்டிங்ஸ்', 'ஜெனரல்' பகுதியில் 'அப்ளிகேஷன்ஸ்' பட்டியலில் மெயில்டு என்பதற்கு நேரே ஜிமெயிலைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் சின்னப் பெட்டியில் மெயில்டு என்று ஆங்கிலத்தில் எழுதி, ஒரு முக்காற்புள்ளி வைத்து, உங்கள் சொந்த மெயில் முகவரியை இடைவெளி இல்லாமல் சேர்த்து 'என்டர்' தட்டுங்கள். கடிதம் எழுதும் பக்கம் எதில் திறக்கிறதோ, அதுதான் உங்கள் டிஃபால்ட்.

இத்தனையும் வேண்டாம், இன்றைக்கு ஒரே ஒரு மெயில்தான் என்றால் எதையும் மாற்றத் தேவையில்லை. முகவரியின் மேல் ரைட் கிளிக் செய்து 'காப்பி இமெயில் அட்ரஸ்' கொடுத்து, வழக்கமான ஜிமெயிலைத் திறந்து ஒட்டிக்கொள்ளுங்கள். பிரவுசிங் சென்டர், இ-சேவை மையம் மாதிரி அடுத்தவர் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும்போது எப்போதும் இதுதான் நல்லது.

யார் பெயரில் போகிறது?

நம் வீடுகளில் ஒரு கம்ப்யூட்டரை நாலு பேர் பயன்படுத்துவது சகஜம். அப்பாவின் ஜிமெயில் முதலில் லாகின் ஆகியிருக்கும். அம்மா, மகள் என்று மற்றவர்கள் அதே குரோமில் தங்கள் கணக்கைச் சேர்த்திருப்பார்கள். இந்த நிலையில் மகள் ஒரு கல்லூரியின் மெயில் முகவரியை கிளிக் செய்தால், கடிதம் திறப்பது பெரும்பாலும் முதலில் லாகின் ஆன அப்பாவின் கணக்கில்தான். கவனிக்காமல் அனுப்பினால் விண்ணப்பம் அப்பா பெயரில் போகும். பதிலும் அவருக்கே வரும். அவர் அதை விளம்பர மெயில் என்று அழித்துவிட்டால், வீட்டில் அப்புறம் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

'ஃப்ரம்' என்ற இடத்தில் யார் முகவரி இருக்கிறது என்று பார்த்த பிறகு 'சென்ட்' கொடுக்கும் பழக்கம் உதவும். அதைவிட உருப்படியான வழி, குரோமில் ஒவ்வொருவருக்கும் ஒரு 'ப்ரொஃபைல்' வைத்துக்கொள்வது. வலது மேல் மூலையில் இருக்கும் வட்டப் படத்தை கிளிக் செய்தால் புதிதாகச் சேர்க்கலாம். விண்டோஸிலேயே ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தால், டிஃபால்ட் அமைப்பும் ஆளுக்கு ஆள் தனியாக இருக்கும். ஒருவர் மாற்றினால் மற்றவரைப் பாதிக்காது.

ஆடிட்டர் ஆஃபீஸ் தொந்தரவு

இன்னொரு விதமான சிக்கல் கடைகளிலும் ஆடிட்டர் அலுவலகங்களிலும் வரும். ஒரு ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து, 'சென்ட் டு' என்பதில் 'மெயில் ரெசிப்பியன்ட்' கொடுப்பார்கள். அல்லது ஸ்கேனரோடு வந்த மென்பொருளில் 'மெயிலில் அனுப்பு' என்பதை அழுத்துவார்கள். உடனே ஒரு செய்தி வரும். இந்த வேலைக்கென்று எந்த மெயில் புரோகிராமும் அமைக்கப்படவில்லை, ஒன்றை நிறுவுங்கள், இருந்தால் டிஃபால்ட் ஆக்குங்கள் என்று சொல்லும். மேலே சொன்னபடி எல்லாம் செய்து, குரோமில் ஜிமெயில் ஒழுங்காகத் திறந்தாலும் இந்தச் செய்தி மட்டும் போகாது.

இது வேறு கதை. ஃபைலை இணைப்பாக ஏற்றிக் கொடுக்க விண்டோஸ் 'மேப்பி' என்ற பழைய ஏற்பாட்டைப் பயன்படுத்துகிறது. அது கம்ப்யூட்டரில் நிறுவப்பட்ட மெயில் புரோகிராமோடு மட்டும்தான் பேசும். பிரவுசரில் திறக்கும் ஜிமெயிலுக்கு அந்த பாஷை தெரியாது. ஆகவே மணிக்கணக்கில் மல்லுக்கட்டாதீர்கள். தினமும் இருபது, முப்பது பில் அனுப்புகிற அலுவலகம் என்றால் ஆஃபீஸோடு வரும் பழைய அவுட்லுக்கையோ, இலவசமாகக் கிடைக்கும் தண்டர்பேர்டையோ நிறுவி, டிஃபால்ட் ஆக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் எப்போதாவது ஒன்று என்றால் ஜிமெயிலைத் திறந்து, ஃபைலை இழுத்து அதற்குள் போடுவது ஐந்து விநாடி வேலை.

மேக்கும் போனும்

ஆப்பிள் மேக்கில் இதை மாற்றுவது ஒரு வேடிக்கை. ஆப்பிளின் 'மெயில்' வேண்டாம் என்று சொல்வதற்கே ஆப்பிளின் 'மெயில்' புரோகிராமுக்குள் போக வேண்டும். 'மெயில்' திறந்து 'செட்டிங்ஸ்', 'ஜெனரல்', 'டிஃபால்ட் இமெயில் ரீடர்'. சில சமயம், முதலில் அதில் ஒரு கணக்கைச் சேர்த்தால்தான் உள்ளேயே விடும்.

ஐபோனில் 2020-ல் வந்த ஐ.ஓ.எஸ். 14 வரை மெயிலுக்கு வேறு ஆப்பை டிஃபால்ட் ஆக்க வழியே இல்லை. இப்போது செட்டிங்ஸில் 'ஆப்ஸ்', 'டிஃபால்ட் ஆப்ஸ்', 'இமெயில்' என்று போனால் மாற்றலாம். ஆண்ட்ராய்டில் இரண்டு மெயில் ஆப் இருந்தால், எதில் திறக்க என்று கேட்டு 'ஜஸ்ட் ஒன்ஸ்', 'ஆல்வேஸ்' என்று காட்டும். அவசரத்தில் வேண்டாத ஆப்புக்கு 'ஆல்வேஸ்' கொடுத்துவிட்டால், அந்த ஆப்பின் செட்டிங்ஸில் போய் டிஃபால்ட்டை நீக்கினால் மறுபடி கேட்கும்.

அவுட்பாக்ஸ் ஏன் நிரம்பியது?

அத்தை கம்ப்யூட்டருக்கு வருவோம். தவறான புரோகிராம் திறந்தது சரி, அது ஏன் அனுப்பவில்லை?

"அப்பப்ப ஏதோ பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வரும்டா. நான் கேன்சல் கொடுத்துடுவேன்" என்றார். எத்தனை நாளாக? "ரெண்டு மூணு வருஷம் இருக்கும்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. வெறும் பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் வாங்கிக்கொண்டு ஜிமெயிலுக்குள் போகும் பழைய புரோகிராம்களை 2022 மே 30 முதல் கூகுள் ஏற்பதில்லை. பாதுகாப்புக்காகத்தான். மகன் போட்டுக் கொடுத்த புரோகிராம் அப்படிப்பட்டது. அன்றிலிருந்து அதற்கு மெயில் வரவும் இல்லை, போகவும் இல்லை. போனில் ஜிமெயில் ஆப் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்ததால் அத்தைக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. சரியான பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தாலும் அந்தப் பெட்டி திரும்பத் திரும்ப வந்திருக்கும்.

பெரும்பாலான மெயில் புரோகிராம்களில் 'சென்ட்' கொடுத்ததும் கடிதம் முதலில் போவது அவுட்பாக்ஸுக்கு. தபால்காரர் வந்து எடுக்கும்வரை அங்கே இருக்கும். எடுத்துப்போன பிறகுதான் 'சென்ட்' ஃபோல்டருக்கு நகரும். சாதாரணமாக இது ஓரிரு விநாடியில் முடிவதால் அவுட்பாக்ஸ் என்று ஒன்று இருப்பதே நமக்குத் தெரிவதில்லை. தபால்காரர் வராமலே போனால், எழுதியதெல்லாம் அங்கேயே குவியும். கடிதம் எழுதிய ஜன்னல் மூடிவிட்டது என்பதற்கும் கடிதம் போனதற்கும் சம்பந்தமில்லை. 'சென்ட்' ஃபோல்டரில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அத்தாட்சி. அதிலும் அத்தாட்சி, போனில் இருக்கும் ஜிமெயிலைத் திறந்து அங்கேயும் 'சென்ட்' பகுதியில் அது தெரிகிறதா என்று பார்ப்பது.

இப்படி நின்றுபோன புரோகிராமுக்கு உயிர் கொடுக்க வழி உண்டு. புதிய தண்டர்பேர்டும் புதிய அவுட்லுக்கும் கணக்கைச் சேர்க்கும்போது கூகுளின் சொந்த லாகின் பக்கத்தையே திறந்து காட்டும். அதில் நுழைந்தால் வேலை முடிந்தது. பழைய புரோகிராம்தான் வேண்டும் என்பவர்கள், கூகுள் கணக்கில் இரண்டு கட்டப் பாதுகாப்பை இயக்கி, 16 எழுத்துள்ள 'ஆப் பாஸ்வேர்டு' ஒன்றை வாங்கி அதைக் கொடுக்கலாம். புதிய அவுட்லுக் விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஜிமெயிலை அதில் சேர்த்தால், மெயில்களின் பிரதி மைக்ரோசாஃப்ட்டின் சர்வருக்கும் போகும். சேர்க்கும்போதே சொல்லி, சம்மதம் கேட்பார்கள். எனக்கென்னவோ பிரவுசரில் ஜிமெயில் பார்ப்பவருக்கு இது அவசியமில்லை என்றே தோன்றுகிறது.

ஆனால் உயிர் கொடுப்பதற்கு முன் கட்டாயமாக அவுட்பாக்ஸைத் திறந்து பாருங்கள். இணைப்பு கிடைத்த மறுநிமிடம், உள்ளே கிடப்பதெல்லாம் புறப்பட்டுவிடும். எப்போதோ கோபத்தில் எழுதிய புகார், தீர்ந்துபோன சண்டை, முடிந்துபோன கல்யாணத்துக்கு "வர முயல்கிறேன்" என்ற பதில், எல்லாம் போய்ச் சேரும். நான் அத்தை கம்ப்யூட்டரின் நெட் இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் மற்றதைத் தொட்டேன்.

டிஃபால்ட்டை மாற்றினால் பழைய மெயில்கள் போய்விடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. போகாது. அடுத்த கிளிக்கை யார் எடுப்பது என்பது மட்டும்தான் மாறுகிறது. பழைய புரோகிராமை அடியோடு நீக்குவதுதான் ஆபத்து. 'பாப்' என்ற முறையில் அமைத்திருந்தால், அது மெயிலை சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொண்டு அங்கிருந்து அழித்துவிட்டிருக்கலாம். அப்படியானால் உலகத்திலேயே அந்தக் கடிதங்களின் ஒரே பிரதி அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து முதன்முதலில் எழுதியது, மறைந்துபோனவர்கள் எழுதியது எல்லாம் அதில் இருக்கக்கூடும். பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து, பழைய கடிதங்கள் சிலவற்றைத் தேடிப் பாருங்கள். அங்கேயும் கிடைத்தால் கவலையில்லை. இல்லையென்றால் தெரிந்தவரை வைத்துப் பிரதி எடுக்கும்வரை எதையும் நீக்காதீர்கள்.

தெரிந்தவரை என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மெயில் வேலை செய்யவில்லை என்று இணையத்தில் தேடினால் 'கஸ்டமர் கேர்' என்று ஏதேதோ போன் நம்பர்கள் வரும். அழைத்தால், "ஒரு ஆப் போடுங்கள், நாங்களே சரிசெய்கிறோம்" என்பார்கள். கம்ப்யூட்டரையோ போனையோ தூரத்திலிருந்து இயக்கும் எனிடெஸ்க் போன்ற ஆப்களை வைத்து வங்கிக் கணக்கைக் காலி செய்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே எச்சரித்திருக்கிறது. டிஃபால்ட்டை மாற்ற யாருக்கும் உங்கள் ஓ.டி.பி. தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தயங்காமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள்.

2023 அக்டோபர் கடிதம்

அன்றைக்கு மதியமே காப்பீட்டுக் கடிதத்தை ஜிமெயிலிலிருந்து மறுபடி அனுப்பினோம். முதலில் எழுதிய தேதி தெரியும்படி அவுட்பாக்ஸைப் படமெடுத்து இணைத்தோம். தாமதத்துக்கான விளக்கம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள், கொடுத்தாயிற்று. இதை எழுதும்வரை 'பரிசீலனையில் உள்ளது' என்பதுதான் பதில். கேஸ் ஏஜென்ஸி புகாரையும் பிறந்த நாள் வாழ்த்தையும் அழித்தோம்.

மிச்சம் இருந்தது அந்த ஒன்று. அத்தையோடு 20 வருடம் ஒரே பள்ளியில் வேலை பார்த்த தோழி, ஓய்வுக்குப் பிறகு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். அவருடைய கணவர் இறந்த சேதி தெரிந்தபோது அத்தையால் போக முடியவில்லை, மாமாவுக்கு உடம்பு சரியில்லை. போனில் அழுதுவிடுவோம் என்று பயந்து, பழைய மெயில் ஒன்றில் இருந்த முகவரியைக் கம்ப்யூட்டரில் கிளிக் செய்து இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பதில் வரவில்லை. "துக்கத்துல இருக்கா, எழுதுவா" என்று முதலில் நினைத்தார். அப்புறம், நேரில் வராத கோபம் போல என்று நினைத்தார். அப்புறம் இவருக்கே கொஞ்சம் கோபம் வந்துவிட்டது. அதோடு பேச்சு நின்றுபோயிற்று.

"அவ என்ன நினைச்சிருப்பா? ஒரு வார்த்தைகூட விசாரிக்கலைன்னுதானே?"

"இதை அழிச்சிடட்டுமா அத்தை?"

"அழிக்காதே. அப்படியே இருக்கட்டும்."

போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். கிணற்றடியிலிருந்து கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு அழுகை, பிறகு ஹெட்மாஸ்டர் ஒருவரைப் பற்றிய ஏதோ பழைய கதை, பிறகு சிரிப்பு. மாமா என்னைப் பார்த்து, "இன்னிக்கு ராத்திரி சமையல் நாமதான்" என்றார். இருட்டிய பிறகு உள்ளே வந்த அத்தை என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்ப அந்த லெட்டரை அனுப்பு. வேணும்னு கேட்கிறா."

ஜிமெயிலில் ஒட்டி அனுப்பினேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'சென்ட்' ஃபோல்டரைத் திறந்து காட்டச் சொன்னார்.